கரைவேட்டி

விடியற்காலை மூன்றரை. கோயம்பேடு.
லாரியின் தார்ப்பாய் விலகுகிறது.
சருகு மெத்தையில் செவ்வாழைத் தார்கள்.
"பயம் பாத்து, பயம் பாத்து" என்று
கத்தியபடி இறக்குகிறார் சுமைக்காரர்.
கடைப் பலகையில் சாக்பீஸ் எழுத்து:
செவ்வாளைப் பலம், கிலோ தொண்ணூறு.

பழம், பலம், பயம்.
இந்த ஊரில் ஒரு சொல்
மூன்று வாயில் மூன்று ரகமாகக் காய்க்கிறது.
எடைத்தட்டுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அஞ்சலாட்சி ஒரு சீப்பை ஒதுக்கி வைத்திருந்தாள்.
நல்ல சிவப்பு.
ஆனால் ஒவ்வொரு காயிலும்
காம்பிலிருந்து நுனிவரை
ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை,
ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல.
"நோவு புடிச்ச பயம்ன்றானுங்க.
பாதி வெலைக்குக் கேக்குறானுங்க.
நீதான் லேப்ல கீறியே,
இன்னான்னு பாத்துச் சொல்லு."

மடியில் வைத்து மெட்ரோவில் கொண்டுபோனேன்.
ஆலந்தூரில் ரயில் மாறும்போது ஒருவர் கேட்டார்:
"பழுக்கலையா, அழுகிருச்சா?"

தரமணி. இரண்டாம் மாடி.
சிவப்பில் ஒரு துண்டு தோல், பச்சையில் ஒரு துண்டு.
திரவ நைட்ரஜன் ஊற்றி இடித்தால்
இரண்டும் ஒரே மாதிரி மாவு.

விதை இல்லாத சாதி இது.
கன்றைப் பெயர்த்து நட்டு
அதன் கன்றைப் பெயர்த்து நட்டு
ஆயிரக்கணக்கான வருஷமாக
ஒரே ஏட்டைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம்.
எழுதுகிறவன் கண்ணயரும் நேரம் ஒன்று வரும்.
ஓர் எழுத்து விட்டுப்போகும்.
ஒரு வரி இரண்டு தடவை விழும்.
அப்படித்தான் ஏதோ ஒன்று புளித்தது,
ஒன்று மணத்தது, ஒன்று சிவந்தது.
சிவந்ததே கைப்பிசகுதான்.
அதற்குள் இன்னொரு பிசகு, இந்தக் கோடு.

பதினோரு வாரம் ஆனது.
தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து,
அதற்கு நாலே நாலு.
அந்த நாலு
ஐம்பது கோடி தடவைக்கு மேல் மாறி மாறி வர
இரண்டு தோலும் பிசகாமல் கூடவே ஓடி
ஓரிடத்தில் மட்டும் விலகின.
சிவப்பைச் சொல்லும் வரியில் சிறு துண்டு காணோம்.
திரையில் அந்த இடைவெளி
ஓர் அரிசி அகலம்.
மூன்று முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
மேலதிகாரி கொட்டாவி விட்டார்.

"அவ்ளோதானா?" என்றாள் அஞ்சலாட்சி.
"இத்துனூண்டுக்கா பாதி வெல?"
அப்புறம் கொஞ்சம் யோசித்து,
"அப்ப நோவு இல்ல. பொயச்சிக்கும்."

அதற்குள் அதே தோட்டத்திலிருந்து
இன்னும் மூன்று தார் வந்திருந்தது.
நான் வைத்திருந்தது எண்: ச-17-ப.
அவள் வைத்திருந்தது பேர்.
"கரவேட்டி! கரவேட்டி பயம்!
மார்க்கெட்லயே எங்கிட்ட மட்டுந்தான்!"
கிலோ நூற்றிருபது. பேரம் இல்லை.
வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர்
சிரித்துக்கொண்டே இரண்டு சீப்பு வாங்கிப் போனார்.

மறுவாரம் லாரிக்கார ஜெபமணி சொன்னார்:
தோட்டக்காரர் அந்த வரிசையைக்
கிழங்கோடு தோண்டி எறிந்துவிட்டாராம்.
ரகம் கெட்டுப்போச்சு என்றாராம்.
குப்பையிலிருந்து ஒரே ஒரு கன்று,
ஈரச்சாக்கில் சுற்றி சீட்டுக்கடியில் வைத்து
இரவெல்லாம் ஓட்டி வந்திருந்தார்.
காசு வேண்டாம் என்றார். டீ மட்டும் குடித்தார்.

இப்போது அரும்பாக்கத்தில்
எங்கள் மொட்டைமாடியில், பெயின்ட் வாளியில்.
நான் இல்லாத நாட்களுக்காக
வாட்ச்மேன் ஏகாம்பரம் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்:
வாளைக்கு தண்ணி ஊத்தவும்.
எழுதியபடி பார்த்தால் அது மீன்.
தண்ணீர் சரியான இடத்துக்குத்தான் போகிறது.

குருத்து ஒன்று
சுருட்டு மாதிரி விறைத்து நிற்கிறது, ஒன்பது நாளாக.
நடுநரம்பு சிவப்பா, பச்சையா, இரண்டுமா,
விரிந்தால்தான் தெரியும்.

"இன்னும் தெறக்கலியா?"
போனில் அஞ்சலாட்சி.
இல்லை என்கிறேன்.
அவளுக்குப் பின்னால் லாரி ஹாரன்,
யாரோ கத்திக்கொண்டே போகிறார்கள்,
பயம், பயம் என்று.